கண்ணைத் துடைக்கும் கார்

காலையில் கீழே இறங்கி வந்ததும் அவள் கண்ணில் பட்டது ஓர் எண்ணெய்க் கறை.

காருக்கு அடியில் வருடக்கணக்காக இருக்கும் கறைதான். கார் நிற்கும்போது தெரியாது. இன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது.

காரைக் காணோம்.

ஊன்றுகோல்கள் இரண்டையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தை ஒரு முறை சுற்றிவந்தாள். தூணுக்குப் பின்னால், காவலாளியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில், வாசல் வரைக்கும். கார் என்ன கைக்குட்டையா, வேறு பையில் வைத்துவிட்டோமோ என்று துழாவ? சாவி மட்டும் சமர்த்தாகக் கையில் இருந்தது.

அப்போது பார்த்துக் கைபேசி கூவியது.

“பவர், இன்னிக்கு சத்தம் எங்க? தூங்கிட்டியா?”

கேட்டவர் அட்மின் அம்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அந்தக் குரலுக்கு ஒரு பஸ் பிள்ளைகளும் கப்சிப் என்று அடங்கும்.

தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்ட சதுரமான கார் மாடல் ஒன்று உண்டு. ‘பெட்டி’ என்பது அதன் செல்லப் பெயர். அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் ஒரு கும்பல் இணையத்தில் கூடிய குழுவுக்கு அவர்தான் அட்மின். பூப்படம், பொன்மொழி, அரசியல் மூன்றுக்கும் தடை. காலை வணக்கம் சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு வண்டியை முதல் தடவை கிளப்பும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். யார் வண்டியாவது லேசாக இருமினால் போதும், காபி ஆறுவதற்குள் பத்துப் பேர் வைத்தியம் சொல்லிவிடுவார்கள். பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் முகம் தெரியாது. சத்தம் தெரியும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் குழுவில் அவளுக்குப் பெயர் பவர். அவளுடைய பெட்டி குழுவிலேயே பிரபலம். கிளம்பும்போது பெல்ட் ‘கீய்ய்ங்’ என்று வாலை மிதித்த பூனையாகக் கத்தும். அதைவிடப் பிரபலம், உள்ளே இருந்த லீவர். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று அவள் கால்களின் பலத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கியர் தானாக மாறும் வண்டியை வாங்கி, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையால் இயக்க ஒரு லீவர் பொருத்தினாள். செய்து தந்தவர் குழுவின் வெல்டர். வாயைத் திறந்து பேசாத மனுஷன்; கட்டைவிரல் படம் போட்டால் அதுவே அவருக்குப் பிரசங்கம்.

ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை லீவரில். ஹாரன் அடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? லீவரின் தலையிலேயே ஒரு பட்டன் வைத்து, ஸ்டியரிங் ஹாரனோடு சேர்த்து ஒயர் இழுத்தவர் சைலன்சர். பேக்கரிக்காரர். வாய் ஓயவே ஓயாது என்பதால் அந்தப் பெயர். பேசிக்கொண்டே இழுத்ததில் எந்த ஒயரை எதில் முடிந்தாரோ, அன்றுமுதல் ஹாரன் அடித்தால் கண்ணாடியின் வைப்பர் எழுந்து, பாதி வழி வந்து, நின்று, வெட்கப்பட்டதுபோல் திரும்பப் படுக்கும். அந்த வீடியோவைக் குழுவில் போட்ட அன்று அட்மின் அம்மா சொன்னது:

“திட்டிட்டுக் கண்ணைத் துடைச்சுக்குது பாரு. அப்படியே உன்னை மாதிரி.”

அந்தக் கார்தான் இப்போது இல்லை. பதிலுக்கு அவள் எண்ணெய்க் கறையைப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

பத்தாவது நிமிடம் அண்ணன் வந்து நின்றார். கூடவே போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். திரும்பும் வழியில் தொண்டையைச் செருமினார். ஆகாத பேச்சு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நடந்தது நடந்துபோச்சு. கடையை யார்கிட்டயாவது விட்டுடு. நம்ம வீட்டுல மாடி ரூம் காலியா இருக்கு. அண்ணியும் கேட்டுட்டே இருக்கா.”

“மாடி ரூமா? நான் என்ன பறந்தா வரணும்?”

“சரி, கீழ் ரூம். பையனை மாடிக்கு அனுப்பிடறேன். எதுக்கெடுத்தாலும் குதர்க்கம் பேசாதே. கார் இல்லாம கடைக்கு எப்படிப் போவே? தினமும் வாடகை வண்டிக்கே வருமானம் போயிடும். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். கிடைக்கலைன்னா பேச்சே இல்லை, வந்துடணும்.”

“நான் ஏற்பாடு பண்ணிக்கறேன்.”

“யாரை வச்சு? அந்தக் குரூப்பா? ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. ஆபத்துன்னா ஒருத்தன் வரமாட்டான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் பாசத்தில் குறை வைத்தவர் இல்லை. அதுதான் பயமே. அந்தப் பாசத்துக்குள் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் வெளியே வர வழி கிடையாது.

மறுநாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தினாள். தெருமுனையில் ஒரு பெட்டி. திருப்பத்தில் சின்னதாக ஒரு முனகல், பிறகு சீரான உறுமல். காலைதோறும் கேட்கும் அதே தொண்டை! கீழே போனபோது, கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

“நீங்க பல் டாக்டர்தானே?”

“அட! நான் இன்னும் வாயே திறக்கலையே!”

“உங்க வண்டி திறந்துச்சே. ரெண்டாவது கியர்ல முனகுது, பார்த்துக்கக் கூடாதா? ஊர் பல்லை எல்லாம் பிடுங்கறீங்க.”

அன்றிலிருந்து தினம் ஒரு பெட்டி. யாருக்கு என்றைக்கு முறை என்று அட்மின் அம்மா சட்டம் போட்டார். சண்டையும் வந்தது. “எனக்கு மட்டும் ஏன் ஞாயித்துக்கிழமை? அன்னிக்குத்தான் கடை லீவாச்சே, என்னை ஏமாத்தறீங்களா?” என்று ஒருவர் பொருமினார். அவள் பின் இருக்கையில் உட்கார்ந்து சிரித்தாள், கண் கலங்கியதை மறைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. எத்தனை நாளைக்கு இப்படி? தன் கையால் ஓட்டிப் போவதற்கு ஈடாகுமா இது?

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

சைலன்சர் மட்டும் வண்டியோடு வரவில்லை. பேக்கரி கல்லாவில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய கார் விற்பனை விளம்பரங்களை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. கேட்டார்.

ஒரு மத்தியானம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. வழக்கமாக அவர் பேசினால் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு முடித்துவிடலாம். இது ஒரே ஒரு வரி.

“நம்ம பவர் வண்டி!”

கீழே வீடியோ. வெள்ளைப் பெட்டி பச்சையாகியிருந்தது. நம்பர் வேறு. லீவர் இல்லை. விற்கிறவன் சாவியைத் திருப்பினான். கீய்ய்ங்!

குழு கொந்தளித்தது. அட்மின் அம்மா ஒரே அதட்டில் அடக்கினார். “யாரும் அவனுக்குப் போன் பண்ணாதீங்க. நான் போலீஸ்ல பேசறேன்.”

கொஞ்ச நேரம் கழித்து சைலன்சர், தேய்ந்த குரலில்:

“அம்மா... ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“சொல்லித் தொலை.”

“முதல் தடவை கேட்டப்ப கடையில கூட்டம். யார் வண்டின்னு மனசுல பதியல. பெல்ட் கத்துதேன்னு மட்டும் தோணிச்சு. விளம்பரத்துக்குக் கீழ எழுதிட்டேன். ‘சார், பெல்ட் போயிடுச்சு, மாத்துங்க, நல்ல விலை போகும்’னு.”

“அடப்பாவி!”

“பழக்க தோஷம்மா! பெல்ட் கத்தினா என் கை தானா டைப் அடிக்குது. அவனும் பதில் போட்டிருக்கான். ‘நன்றி அண்ணே, மாத்திட்டேன்’னு.”

உதவி கேட்காமலே உதவுவது குழுவின் குணம். திருடனுக்கும் உதவிவிட்டார்கள்.

மறுநாள் காலை, ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட பழைய கார் விற்பனை இடம். இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் போனார். அவளை அழைத்து வந்திருந்த அண்ணன் பக்கத்திலேயே நின்றார். விற்பனைக்காரன் சாவியைத் திருப்பினான். பெட்டி குழந்தை மாதிரி விழித்துக்கொண்டது. ஒரு சின்ன கீச்சு கூட இல்லை.

அவன் ஆவணங்களை நீட்டினான். வண்டி நம்பர் அவற்றோடு கச்சிதமாகப் பொருந்தியது. இன்ஜின் பக்கத்தில் எண் அடித்த தகடு மட்டும் பழைய வண்டியில் புத்தம் புதிதாக மின்னியது.

“எனக்கும் சந்தேகம்தான்மா,” என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். “ஆனா சந்தேகத்தை வச்சு வண்டியை எடுத்துட்டுப் போக முடியாது. உங்களுதுன்னு காட்ட வேற ஏதாவது இருக்கா?”

அண்ணன் அவள் தோளைத் தொட்டார். “வா, போலாம்.”

அவள் அசையவில்லை. பச்சைப் பெயின்ட்டைப் பார்த்தாள். லீவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். லீவரைக் கழற்றியிருக்கிறான். பட்டனும் போயிருக்கும். ஆனால் ஸ்டியரிங் ஹாரன்? அந்த ஒயரை அவிழ்க்க வேண்டுமென்றால் சைலன்சரே மறுபடி பிறந்து வரவேண்டும்!

“மேடம், நான் வண்டிகிட்டயே போகல. இங்கேயே நிக்கறேன். ஹாரனை ஒரு தடவை அடிங்க. வைப்பர் எழுந்து வரும். பாதியில நிக்கும். அப்புறம் திரும்பிப் போய்ப் படுத்துக்கும்.”

விற்பனைக்காரன் சிரித்தான். “மழையும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஹாரனுக்கும் வைப்பருக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அதைத்தான் நாங்களும் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கோம்.”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அழுத்தினார்.

பாம்ம்!

வைப்பர் எழுந்தது. பாதி வழி வந்தது. நின்றது. மெதுவாகத் திரும்பிப் படுத்தது.

இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை அழுத்தினார். இது கடமைக்காக இல்லை, ஆசைக்காக என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் கைபேசியை நீட்டினாள். குழுவில் கிடந்த பழைய வீடியோவில், வெள்ளைப் பெட்டி ஒன்று அதே மாதிரி திட்டிவிட்டு அதே மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“யார்கிட்ட வாங்கினே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

விற்பனைக்காரன் நீட்டிய ஆவணங்களை மெல்ல மடிக்க ஆரம்பித்தான்.

வெளியே வந்தபோது அண்ணன் நின்றுவிட்டார். சாலை ஓரம் நெடுகப் பெட்டிகள். சிவப்பு, நீலம், துருப்பிடித்தது ஒன்று. பல் டாக்டர், அட்மின் அம்மா, வெல்டர். மாவு படிந்த சட்டையோடு சைலன்சர். இவ்வளவு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து, உள்ளே நுழைந்து கெடுத்துவிடக் கூடாது என்று, வெயிலில் வாயைப் பொத்தி நின்றிருக்கிறார்கள்.

அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். வெல்டருக்கு அது போதும். வண்டியிலிருந்து கருவிப் பெட்டியை இறக்கினார்.

“இருங்க, இருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஸ்டேஷன் வேலை முடியட்டும். அப்புறம் உங்க லீவரைப் போடுங்க.”

அது முடிந்து, புது லீவர் ஏறிய மறுநாள் காலை அவள் சத்தம் குழுவில் வந்து விழுந்தது.

“இது யாரு? மூச்சே கேக்கலையே,” என்றார் அட்மின் அம்மா.

“நான்தான். திருடன் புது பெல்ட் போட்டுக் கொடுத்திருக்கான்.”

“பவர், இப்பவாவது நான் வந்து அந்த ஹாரன் ஒயரை...” என்று சைலன்சர் ஆரம்பித்தார்.

“கை வைக்காதே!” மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில்.

அண்ணன் கீழே வந்திருந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை ஷூவால் தட்டிப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாய் எடுத்தார். கீழ் ரூம் பற்றியா, வேறு எதைப் பற்றியா, தெரியாது.

பாம்ம்!

அண்ணன் துள்ளி விலகினார். வைப்பர் எழுந்தது, நின்றது, படுத்தது.

“என்ன, என்னைத் திட்டிட்டு அழறியா?”

“வழியை விடுண்ணே,” என்றாள். “கடை திறக்கணும்.”