அவள் அவரை அண்ணன் என்றாள்

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது. உல்லாசக் கப்பலில் போய் வந்தவளிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கடலை யாருடா பார்த்தா? எங்க மேஜையில ஒரு அண்ணனும் தங்கச்சியும் வந்து உட்காருவாங்க. எனக்கென்னமோ அவங்க அண்ணன் தங்கச்சியே இல்லன்னு தோணுது" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. மீதியை நான் அளக்கிறேன். கப்பலில் கால் வைக்காதவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: அன்று கடல் கறுத்துக்...

வேண்டாம். கடல் கறுத்தால் யாரோ சாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். இதில் யாரும் சாகவில்லை. [செத்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.]

இரண்டாவது தொடக்கம்: மகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் கணவனும் மனைவியும் கப்பல் ஏறினார்கள். அவர் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கரை மறைந்ததும் மனைவி சொன்னாள்:

"திரும்பிப் போனதும் நான் மக வீட்டுக்குப் போயிடுறேன். இனிமே உங்களோட இருக்க முடியாது."

"ஏன், நான் என்ன பண்ணினேன்?"

"எங்க வலிக்குதுன்னு டாக்டர் என்னைக் கேட்டாக்கூட நீங்கதானே பதில் சொல்றீங்க."

அவர் கை ஓங்கியவரில்லை, குடித்தவரில்லை. இதெல்லாம் ஒரு காரணமா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. அவரைக் குடிகாரராக்கி எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

3

அந்தக் கப்பலில் சாப்பாட்டு மேஜை மாறாது. முதல் இரவு யாரோடு உட்கார வைக்கிறார்களோ, இறங்கும்வரை அவர்களோடுதான். இவர்களுக்கு வாய்த்தவள் தனியாக வந்த ஒரு நர்ஸ். [அக்காதான். ஆனால் அக்கா நர்ஸ் இல்லை.] உட்கார்ந்த கையோடு, "இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இல்ல, எங்க அண்ணன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? கோபத்தில், விளையாட்டாக, வாய் தவறி... மூன்றையும் எழுதிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். மறுத்துப் பேசினால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

4

கடலில் பகல் லேசில் நகராது. அவர் சாய்வு நாற்காலியில் படுப்பார், எழுந்து மேல்தளத்தைச் சுற்றி வருவார், மறுபடி படுப்பார். எங்கு பார்த்தாலும் தண்ணீர். கோபித்துக்கொண்டு போய் நிற்க ஒரு தெருமுனைகூட இல்லை. அவள் நர்ஸோடு சீட்டாடிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவருக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் மனைவி தன் வீட்டுக்காரரைப் பற்றியும், அவரை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகப் போவதைப் பற்றியும் நர்ஸிடம் பேசினாள்.

"நல்ல மனுஷன்தான். எனக்கு மீன் பிடிக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவார். எனக்குப் பிடிக்கும்."

முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அண்ணனாகிவிட்டதால் அவரால் குறுக்கே பேச முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பியதும் அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

5

கடைசிச் சாப்பாடு. விடிந்தால் கரை. நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. உங்க தங்கச்சி அந்த மனுஷன்கிட்டத் திரும்பிப் போகணுமா?"

முடிவு ஒன்று: "போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். அடித்துவிட்டேன். எல்லா அண்ணன்களும் சொல்வதுதான் அது.

முடிவு இரண்டு: நான்தான் அந்த மனுஷன் என்று சொல்லி உடைந்து அழுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகமும் வந்தது. அவர் அழுதால் அவள்தான் தேற்ற வேண்டும். கடைசி இரவிலும் அவளுக்கே வேலை.

முடிவு மூன்று: தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். "போக வேண்டாங்க. அவர் மாற மாட்டார். எனக்கு அவரை நல்லாத் தெரியும்."

இதுதான் முடிவு என்று பேனாவை மூடினேன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை இது. மறுநாள் படித்தபோதுதான் உறைத்தது. இதையும் அவள் சார்பில் அவரே சொல்லிவிட்டார். இத்தனை பக்கமும் அவள் சார்பில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். என்னவென்று எனக்குத் தெரியாது, எழுதவும் மாட்டேன். உங்களுக்கு ஒரு பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து முந்திக்கொள்ளாதீர்கள்.