பார்ப்பதற்கு ஓர் ஆள்

மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்து, எட்டாத நட்சத்திரத்தையெல்லாம் எட்டிப் பார்க்கிற ஊர் காவலூர். அந்த ஊர்க் கல்பனாவிடம்தான் ஒரு கணினி, நீ சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டது. கல்பனாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

சென்னையில் ஒரு நிறுவனம் நடத்திய இணையவழிப் படிப்பு அது. 'எல்லோருக்கும் எட்டும் கல்வி' என்று பெயர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் பாடம். சான்றிதழ் இருந்தால் மலையிலேயே பயிற்றுநர் வேலை கிடைக்கும். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் காதில் கேட்டுக் கேட்டே மூன்று மாதம் படித்தாள். தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு. காவலுக்குக் கேமரா வழியாகக் கணினியே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் தேர்வில் பதினான்காம் கேள்வி: கற்பவருக்கு ஏற்பத் தேர்வு மாற வேண்டுமா, தேர்வுக்கு ஏற்பக் கற்பவர் மாற வேண்டுமா? தேர்வுதான் மாற வேண்டும் என்று அழுத்தினாள். உடனே கணினி, "உங்கள் பார்வை மூன்று முறை திரையை விட்டு விலகியது. முறைகேடு. தேர்வு ரத்து" என்றது. அடக் கொடுமையே! அந்தப் பதில் சரி என்று மதிப்பெண் மட்டும் போட்டிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது.

"நேரா கேமராவ பாருங்க மேடம், அவ்வளவுதான்."

"எனக்கு கண்ணு தெரியாதுங்க."

"புரியுது மேடம். கொஞ்சம் ட்ரை பண்ணுங்க."

கல்பனா போனை வைத்தாள். அவள் அம்மா மங்கம்மாள்தான் வழி சொன்னாள். "பாக்கத்தானே ஆள் வேணும்? நான் பாக்குறேன் போ."

சாமைக் காட்டில் குருவி விரட்டப் பகலெல்லாம் காவல் இருந்து பழகிய கண். இரண்டாம் தேர்வில் இரண்டு மணி நேரம் கேமராவையே முறைத்தாள். பக்கத்தில், படத்தில் விழாமல், விசைப்பலகையை மடியில் வைத்துக் கல்பனா எழுதினாள். பதில் முழுக்க மகளுடையது, பார்வை மட்டும் அம்மாவுடையது. கணினிக்கு அப்படி ஒரு திருப்தி. தொண்ணூற்றாறு மதிப்பெண். சான்றிதழில் கல்பனா பெயர், கேமரா பிடித்த மங்கம்மாள் முகம். 'கூர்ந்த கவனத்துக்குப் பாராட்டு' என்று ஒரு வரி வேறு.

நேர்காணலுக்கு அம்மாவோடு திருப்பத்தூர் போனபோது கல்பனா எதையும் மறைக்கவில்லை. அதிகாரி ஜீவானந்தம் வெகுநேரம் யோசித்தார். பிறகு அவருக்கே அவர்மேல் பெருமை வந்துவிட்டது.

"சிஸ்டத்துல இந்த முகம்தாம்மா ஏறியிருக்குது. பேர திருத்திடலாம், முகத்த திருத்த முடியாது. வேலைக்கு அம்மா வரட்டும். நீ கூட வந்து பசங்களுக்கு சொல்லிக்குடு. இந்தாம்மா, கையெழுத்து போடு."

"எனக்கு எழுதப் படிக்க வராதுங்க," என்றாள் மங்கம்மாள்.

"பரவால்லம்மா. கண்ணு நல்லா தெரியுதில்ல?"

மங்கம்மாள் காகிதத்தைத் தள்ளி வைத்தாள். "படிச்சது எம்மவங்க. குடுத்தா அவளுக்கு குடுங்க." சொல்லிவிட்டு, கேமராவை முறைத்தாளே, அதே போல அவரை முறைத்தாள்.

"எம்மா, சார் இன்னா பண்றாரு?" என்று கேட்டாள் கல்பனா.

"ஜன்னல பாக்குறாரு. இப்ப கடியாரத்த பாக்குறாரு."

"ரெண்டாச்சு. இன்னும் ஒரு தடவ திரும்பட்டும், சார் பெயிலு. அப்புறம் வூட்டுக்கு போலாம்."