நேரில் கண்டேன்

தங்கமுத்து கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பிறகு ஆழ்வாப்பிள்ளையின் வலப்பக்கம் அசைவதில்லை. பின்னேரம் ஓய்வூதிய உத்தியோகத்தர் தர்சினி வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆள் உயிருடன் இருக்கிறாரா என்று அவள் நேரில் கண்டு கையெழுத்து வைக்க வேண்டும்.

“உயிரோடை இருக்கிறதைக் காட்டச் சவரம் என்னத்துக்கு?” என்று கேட்டாள் தங்கமுத்து.

“பிள்ளை பயந்திடும்” என்றார் அவர். சொற்கள் வாயின் ஒரு பக்கத்தால் வந்தன.

முன்பு தர்சினியின் அலுவலகத்தில், ஓய்வூதியப் பகுதியில் நான்கு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருவர் வவுனியாவுக்கு மாறிப் போனார். இன்னொருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போனவள் திரும்பவில்லை. புதிதாக ஆள் எடுக்க அரசாங்கம் அனுமதி கொடுக்கவில்லை. வெறுமையான மூன்று கதிரைகளிலும் தர்சினி கோப்புகளை அடுக்கியிருந்தாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்ப்பது நின்றுபோனது. ஆழ்வாப்பிள்ளையிடம் வருவதாக இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் வரிசை அவளை எழும்ப விடவில்லை. தங்கமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. மத்தியானம் கடந்து, பாண் துண்டைக் கடித்தபடி, யாரோ ஒரு கிழவரின் மூக்குக் கண்ணாடியை தர்சினி மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டவள் அவள்.

நாளை முதல் தர்சினிக்குக் கலியாண லீவு. அவளுடைய இடத்தில் இருக்க வேறு ஆளில்லை. இன்று கையெழுத்து விழாவிட்டால் அடுத்த மாதம் ஓய்வூதியம் நிற்கும். மருந்தும் நிற்கும்.

“அண்டைக்குக் காலமை பொன்னுருக்கல், அன்ரி. அரை நாள்தான் லீவு. அது முடிய உங்கடை வீட்டைதான் முதல் வாறன்” என்று போன கிழமை கந்தோரில் தர்சினி சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கிவிட்டால், கலியாணம் வரை பெண் வாசற்படி தாண்டக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு அது நினைவில் இல்லை. தங்கமுத்து சொல்ல வாயெடுத்தாள். பிறகு, ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தர்சினிக்கென்று ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறியபோது தொலைபேசி அடித்தது.

“அம்மா விடுறா இல்லை, அன்ரி. படி தாண்டினா கிணத்துக்கை குதிப்பன் எண்டுறா.”

“அவ சொல்லுறது சரிதானே. எனக்கு அப்பவே தெரியும்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“பொன்னுருக்கல் எண்டு சொல்லேக்கை ஒரு சிரிப்புச் சிரிச்சனீங்கள். கெடுக்க மனம் வரேல்லை. இருங்கோ, நாங்கள் வாறம்.”

பக்கத்து வீட்டு ஜெரோசன் தன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். இருவருமாக ஆழ்வாப்பிள்ளையைத் தூக்கி இருத்தினார்கள். அவர் தபாற்காரராக இருந்தவர்.

“இவ்வளவு காலமும் கடிதம் குடுத்தன்” என்றார். “இப்ப நானே கடிதம்.”

“முத்திரை ஒட்டேல்லை, ஐயா” என்றான் ஜெரோசன்.

தர்சினி வீட்டு முற்றம் முழுவதும் பந்தற்கால்கள். ஆட்டோ உள்ளே நுழைய முடியாமல் தெருப் படலையோடு நின்றது. அவரை இறக்கி நடத்தவும் முடியாது. தர்சினி வாசற்படிக்கு உள்ளே நின்றாள். அவளுடைய தாய் பூரணம் பின்னால் நின்று கையைப் பிடித்திருந்தாள்.

“காலை வெளியிலை வையாதை.”

“வைக்கேல்லை அம்மா.”

தங்கமுத்து பந்தற்கால்களுக்குள்ளால் நடந்துபோய், கையெழுத்து வைக்க வேண்டிய பத்திரத்தைக் கொடுத்தாள். தர்சினி அதைக் கதவில் வைத்துப் பேனையைத் திறந்தாள். எழுதவில்லை.

“ஆட்டோக்குள்ளை இருட்டு, அன்ரி. ஆளைத் தெரியாமல் நேரில் கண்டன் எண்டு எழுதேலாது.”

ஜெரோசன் ஆட்டோவின் பக்கத் திரையைச் சுருட்டினான். வெயில் உள்ளே விழுந்தது. மழித்த முகம் பளபளத்தது.

“ஐயா, கையை ஒருக்காத் தூக்குங்கோ.”

இடக்கை பாதிவரை உயர்ந்து நின்றது. ஆழ்வாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். மருதாணிக் கையில் பேனையுடன் மணப்பெண் நின்றாள். மணப்பெண்ணை இடக்கையால் வாழ்த்தக் கூடாது என்று அதை இறக்கினார். அந்தக் கையாலேயே வலது மணிக்கட்டைப் பற்றினார். மடியில் கிடந்த கையை மெல்ல மெல்லத் தூக்கினார். நெஞ்சு தாண்டியது. முகம் தாண்டியது. உள்ளங்கையை அவளை நோக்கித் திருப்பினார்.

பூரணம் மகளின் கையை விட்டாள்.

தர்சினி தலையைக் குனிந்தாள். நிமிர்ந்து எழுதினாள். எழுதி முடித்துப் பேனையை மூடிய பிறகும் படலையடியில் அந்தக் கை இறங்காமல் நின்றது.