ஒற்றைக் கயிறு

இப்போதெல்லாம் முதுகு இருக்கிற எதைப் பார்த்தாலும் ஜனங்களுக்கு அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்து ஒரு படம் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யத்தான் ஒருத்தனும் வரமாட்டான். ஆர்டென் காடுகளில் ஆயுள் முழுக்கக் குதிரை வைத்து மரம் இழுத்த லெயோன்ஸ், வேலியில் சாய்ந்து இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே சேற்றில் அவருடைய செம்பட்டைக் குதிரை ரூசெட் நின்றது. அந்த அகன்ற முதுகில் சேணம், பெரிய மேசையில் யாரோ மறந்துவிட்டுப்போன தொப்பி மாதிரி இருந்தது.

இடுப்பு ஒடிந்த பிறகு அவரால் காட்டுக்குப் போக முடியவில்லை. மாதக் கடைசியில் முதியோர் இல்லம். சவாரிப் பள்ளி நடத்தும் தீரி எடுத்துக்கொண்டால் ரூசெட் பிழைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை இறைச்சி வியாபாரியின் லாரி. வேறு யாரும் கேட்கவில்லை.

ரூசெட்டைச் சவாரிக்குப் பழக்கியது தம்பி மகள் ஒதீல். நகரத்து மாடிக்குடியிருப்பிலிருந்து கோடை முழுக்க வந்துபோனாள். முதலில் வெறும் சாக்கைப் போட்டாள், பிறகு சேணம். பிறகு முதுகின் குறுக்கே மூட்டைபோல் கவிழ்ந்து படுத்தாள். கடைசியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது ஒண்ணும் புதுசில்ல பெரியப்பா. இந்த இனமே முதல்ல சவாரிக் குதிரைதான். சிலுவைப் போருக்குப் போனவங்களச் சுமந்திருக்காம். நெப்போலியனோட பீரங்கிய ரஷ்யா வரைக்கும் இழுத்திருக்கு."

"போனது எத்தன, திரும்பினது எத்தனன்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா? அப்போ இதுக்குச் சின்ன உடம்புடி. உழணும்னு பெருசாக்குனானுங்க. டிராக்டர் வந்ததும், தின்னணும்னு இன்னும் பெருசாக்குனானுங்க. இப்போ மேல ஏறணுமாம்!"

ஆனால் ரூசெட் அவளைச் சுமந்து ஆற்றுவரை போய்த் திரும்பிய அன்று, இன்னொரு கோப்பை காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். நம்பிக்கை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தீரி வந்தார். காலணி பளபளத்தது.

"ஏறலாமா, இல்ல ஏணி கொண்டுவரணுமா?"

"காலை அகட்டத் தெரிஞ்சா போதும்," என்றார் லெயோன்ஸ்.

ஒரு சுற்று ஒழுங்காகவே போயிற்று. அடுத்த சுற்றில் வைக்கோல் போர்மேல் கிடந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தது. ரூசெட் காதை விடைத்தது, அவ்வளவுதான். பயந்தது தீரிதான். கடிவாள வாரை வெடுக் வெடுக்கென்று சுண்டினார்.

லெயோன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. மரம் இழுக்கிறவர்கள் இரண்டு வாரால் குதிரையை நடத்துவதில்லை. கையில் ஒரே கயிறு; நிதானமாக இழுத்தால் இடப்பக்கம், சுண்டினால் வலப்பக்கம். ஒதீலுக்கு மென்மையான கை. ஒருநாளும் சுண்டியதில்லை. அதனால் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கும்தான்.

ரூசெட் வலப்பக்கம் ஒதுங்கியது. தீரி இன்னும் சுண்டினார். இன்னும் ஒதுங்கியது. அவர் முழங்கால் வேலிக்கம்பத்தில் நசுங்கப்போகிற நேரத்தில் லெயோன்ஸ் கத்திவிட்டார்.

"ஹார்! ரூசெட், ஹார்!"

காட்டில் இடப்பக்கத்துக்கு அதுதான் சொல். ரூசெட் சட்டென்று திரும்பியது. மேலே இருந்தவர் இழுத்த இழுப்பையெல்லாம் சட்டை செய்யாமல் நேரே நடந்துவந்து, கிழவரின் மார்பில் மூக்கை வைத்து நின்றது.

தீரி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"நல்ல பிராணிதான். ஆனா உங்க பேச்சத்தான் கேக்குது. எங்கிட்ட வர்றதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்க. அத்தனையும் சுண்டும். நீங்க கூடவே வந்து கத்துவீங்களா?"

"ஒரு மாசம் குடுங்க, மாத்திக் காட்டறேன்," என்றாள் ஒதீல்.

"குளிர்காலம் வருதும்மா. இருக்கிற குதிரைக்கே எங்கிட்ட வைக்கோல் பத்தல."

கார் போய்விட்டது.

"நீங்க மட்டும் கத்தாம..." என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "வேற பள்ளிங்க இருக்கு பெரியப்பா. நாளைக்கே கூப்பிடறேன். யாராவது எடுத்துக்குவாங்க."

லெயோன்ஸ் சேணத்தை அவிழ்த்துக் கீழே போட்டார். வியர்வையில் ஒட்டிக்கிடந்த மயிரை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார். "எவன்டி போன எடுப்பான்?"

"எடுப்பாங்க. பாருங்களேன்."

அவர் கைத்தடியை ஊன்றி வீட்டைப் பார்க்க நடந்தார். பின்னாலேயே குளம்புகள் சேற்றில் சளக் சளக்கென்று வந்து, வேலிக்கதவில் நின்றன. ஒதீல் அப்போதே யாருடனோ போனில் பேச ஆரம்பித்திருந்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.