ஒரு சாண் இடம்

"திருப்புங்க. தலைமாடு பீடத்துப் பக்கம் வரட்டும்" என்றாள் கிளாறிஸ்.

பெட்டியை இறக்கிய நால்வரும் விழித்தார்கள். புளியந்தீவில் யார் செத்தாலும் கால் பீடத்தைப் பார்க்கத்தான் கோயிலில் வைப்பார்கள். பழக்கதோஷம், வோல்ட்டர் பாதரையும் அப்படியே வைத்துவிட்டார்கள்.

"அவர் குருவானவர். உசிரோட இரிக்கக்குள்ள சனத்தப் பாத்துத்தானே பூசை வச்சவர்? இப்பயும் சனத்தப் பாத்துத்தான் கிடக்கணும்."

திருப்பி வைத்தார்கள். தம்பி கொன்ராட் அவள் காதருகே வந்தான்.

"அக்கா, பெட்டி ஒரு சாண் நீண்டுபோச்சு. அண்ணன்ட காலடியில இடம் கிடக்கு."

கொன்ராட் தச்சன். அவன் கை அளவு தப்பியதாக ஊரில் கதையே இல்லை. ஆனால் செத்த அண்ணனின் மேல் அளவுநாடா பிடிக்க மனம் வராமல், சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்த அண்ணனுக்குப் பெட்டி அடித்துவிட்டான்.

"கிடக்கட்டும்" என்றாள் கிளாறிஸ். அவளுக்கு அளவா கவலை? மனதில் நாலு பெயர்கள் கிடந்து குடைந்தன.

பாதர் இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் சைக்கிளில் பூசைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இராணுவ முகாமுக்குப் போய், கத்தோலிக்கச் சிப்பாய்களுக்குச் சிங்களத்தில் பூசை வைத்தவர். 'ஆமிக்காரன்ட பாதர்' என்று சிலர் காதுபடவே சொன்னார்கள். ஆமி பிடித்துப்போன பிள்ளைகளின் தாய்மார் அப்படிச் சொல்லவில்லை. மன்றாட்டு நேரத்தில் பாதர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பிள்ளை உயிரோடு இருந்தால் சிப்பாய்கள், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள். இல்லையென்றால் எவனாவது ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்லுவான். அதிகாரிகள் பூசைக்கு வருவதில்லை. அந்தப் பதிலைப் பாதர் திரும்பி வந்து தாய்மாரிடம் சொல்லுவார்.

தாளில் எழுதினால் சோதனையில் அகப்படும். அதனால் பெயர்களைப் பாடமாக்குவார். கிளாறிஸ் பக்கத்தில் இருந்து சரிபார்ப்பாள். இந்தக் கிழமைக்கு நாலு பெயர். நேற்று, சனிக்கிழமை காலையில் அந்த நாலையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டு, "எனக்கு ஏலாட்டியும் நாளைக்குப் பேரைச் சொல்லிப்போடணும், கிளாறிஸ்" என்றார். அவள் தேத்தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

வெளியே ஜீப்பும் பின்னால் ஒரு ட்ரக்கும் வந்து நின்றன. கோயில் வாசலில் நின்ற தாய்மார் சட்டென்று மதிலோரம் ஒதுங்கினார்கள். முன்னால் நின்றவள் கரடியனாற்று இலட்சுமிப்பிள்ளை. முகாமிலிருக்கும் மகன் உடுக்கவென்று பாதரிடம் கொடுத்தனுப்ப ஒரு சாரமும் சேட்டும் பொதியாகக் கொண்டு வந்தவளுக்கு, பஸ்ஸால் இறங்கிய பிறகுதான் சாவு தெரிந்தது.

கப்டனின் கையில் மடித்த கொடி இருந்தது. கோப்ரல் மேர்வின் சிலாபத்துக்காரன், தமிழ் தெரிந்தவன். அவன்தான் மொழிபெயர்த்தான்.

"அம்மா, பாதருக்குக் கொடி போத்தி, வேட்டு வச்சு மரியாதை செய்யணும்னு கப்டன் சொல்றார்."

"பெரிய உபகாரம் எண்டு சொல்லுங்க தம்பி. ஆனா கொடி வேணாம், வேட்டும் வேணாம். கொடியக் கண்டா அந்தப் பொம்புளையள் உள்ளுக்கு வரமாட்டாங்க. உங்களுக்குப் பூசை வச்சவர்தான் அவங்களுக்கும் பாதர். நீங்களும் வரணும், அவங்களும் வரணும். துவக்கு மட்டும் வெளியில கிடக்கட்டும்."

கப்டன் முகம் கடுத்தது. துவக்கில்லாமல் முடியாது என்றான்.

"அப்ப பூசை தொடங்காது. பெட்டி உள்ளுக்கதான் கிடக்கும். நாளைக்கும் கிடக்கும்."

ஐந்தடி உயரம்கூட இல்லாத கிழவி. வாசலில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். கப்டன் அவளைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். கடைசியில் ஆறு பேரின் துவக்குகளை வாங்கி ட்ரக்கில் வைத்துவிட்டுத் தான் ஜீப்படியிலேயே நின்றான்.

அவள் மதிலடிக்குப் போனாள்.

"வாங்க கா."

"உள்ளுக்க அவனுகள் இரிக்கானுகளே" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"இரிக்கணும் புள்ள. அவங்க இல்லாட்டி ஆர் பதில் சொல்லுற?"

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்தார்கள்.

மன்றாட்டு நேரம் வந்ததும் கிளாறிஸ் எழுந்து பெட்டியருகே போனாள். பூசை வைத்த இளம் குருவானவர் தடுக்கத்தான் கை எடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"சீனித்தம்பி அழகரத்தினம்" என்றாள்.

மேர்வின் திரும்பி வாசலைப் பார்த்தான். பிறகு ஆறு குரல்களும் சிங்களத்தில் சேர்ந்து சொல்லின: 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.' தாய்மார் பக்கத்தில் ஒருத்தி பொத்தென்று வாங்கில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது பெயருக்கும் அதே பதில். மூன்றாவதற்கும்.

"கோணாமலை இராசதுரை. கரடியனாறு."

பதில் இல்லை. யாரோ செருமினார்கள். கிளாறிஸ் காத்திருந்தாள். தானே ஏதாவது சொல்லி அந்த இடைவெளியை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அண்ணன் ஒருநாளும் அப்படிப் பொய் சொன்னவரில்லை.

மேர்வின் தலையைக் குனிந்தான். அவன் மட்டும், தமிழில் சொன்னான்.

"நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும், ஆண்டவரே."

இலட்சுமிப்பிள்ளை வேதக்காரியில்லை, சைவக்காரி. ஆனாலும் இரண்டு வருடமாக மற்றத் தாய்மாரோடு காத்திருந்தவளுக்கு எது எந்தச் செபம் என்று தெரியும். இந்த நேரத்தில் அவள் வீட்டில் என்றால் ஊரே திரண்டிருக்கும். இங்கே வாய்விட்டுக் கத்தினால் கப்டன் ஏனென்று கேட்பான், மேர்வினின் கதை முடிந்துவிடும். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள்.

பூசை முடிந்தது. கொன்ராட் மூடியைத் தூக்கினான்.

இலட்சுமிப்பிள்ளை எழுந்து வந்தாள். பொதியை அவிழ்த்து, சாரத்தை ஒருமுறை உதறி, மடிப்புக் கலையாமல் சேட்டோடு சேர்த்துத் திரும்பக் கட்டினாள். குனிந்து பாதரின் காலடியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள்.

கொன்ராட் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

மூடியை வைத்தான். அளவு சரியாக இருந்தது.