ராமக்காளின் ஒற்றை நட்சத்திரம்

திருமங்கலத்தில் உசிலம்பட்டி சாலையில் இருக்கும் பாண்டிராஜின் மோட்டார் கடையைப் பற்றி ஒருவர் மனதாரப் பாராட்டி எழுதினால், அந்தக் கட்டடத்தின் சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு விழும். முதல் வெடிப்பு இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு விழுந்தது. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டி வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று போனில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் வண்டி பெட்ரோல் பங்க்கைத் தாண்டுவதற்குள் சாமி படத்துக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்தது.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் அந்தச் சுவரில் ஒரு கீறல் கிடையாது, ஏனென்றால் பதினாறு வருடமாக யாரும் பாண்டிராஜைப் பாராட்டியதில்லை. மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் நன்றாக இருக்கும் எதையும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும். விளைந்து நிற்கும் கதிரைப் பார்த்து “ஏதோ கெடக்கு” என்பார்கள். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைப் பார்த்து “கருவாப்பய” என்பார்கள். பாண்டிராஜ் கட்டிய காயில் ஏழெட்டு வருடம் எரியாமல் இருக்கும் என்பது செக்கானூரணி வரைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் அவனிடம் மோட்டார் கொடுத்தவர்கள் அதிகபட்சமாகச் சொன்னது “ஓடுது” என்ற ஒரு வார்த்தைதான். பாண்டிராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. அதிகம் பேசாத மனிதன். செம்புக் கம்பியைச் சுற்றச் சுற்ற எண்ணிக்கொண்டிருப்பான், யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும் என்பதால் அந்தப் பழக்கம் வந்தது என்று சொல்லிக்கொள்வான். எண்ணாத நேரத்திலும் அவன் பேசியதில்லை.

பாராட்டைக் கொண்டுவந்தவன் ராகேஷ். மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் அவனுக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. கடைகளைப் போனில் மேலே கொண்டுவருவது அவன் தொழில். பாண்டிராஜ் கடைக்கு வந்து, கட்டம் கட்டமாக இருக்கும் ஸ்கேன் அட்டை ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினான். “அண்ணே, கஸ்டமர் மோட்டாரைத் தூக்கும்போது மூஞ்சியப் பாருங்க. சிரிச்சாரா, அப்பவே அட்டையக் காமிச்சுரணும். வீட்டுக்குப் போயிட்டா பொண்டாட்டி ஞாபகம் வரும், உங்க ஞாபகம் வராது” என்றான். பாண்டிராஜுக்குக் கூச்சமாக இருந்தது. நம்மைப் பற்றி நாமே எப்படிக் கேட்பது என்றான். ராகேஷ் அதற்கும் ஒரு அட்டை அடித்துக்கொண்டு வந்தான்: ‘எங்கள் வேலை பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.’ வாய் திறக்க வேண்டியதில்லை, விரல் நீட்டினால் போதும்.

அப்படி நீட்டியதில் என்ன நடக்கும் என்று ராகேஷ் கணக்குப் போடவில்லை. வாயால் சொன்னால்தானே கண் படும், விரலால் அழுத்துவதற்கு என்ன என்று ஜனங்கள் நினைத்தார்கள். தாத்தா காலத்திலிருந்து அடக்கிவைத்த பாராட்டெல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்தது. பெண்டாட்டியை ஒரு நாள்கூடப் பாராட்டாதவர்கள் பாண்டிராஜின் காயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்கள். ‘பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக் கட்டுகிறார்’ என்று எழுதினார்கள். அடுத்த மார்கழிக்குள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பாராட்டு, சுவரில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வெடிப்பு. கீழே கடை, மேலே வீடு. வீட்டில் மனைவி தமிழ்ச்செல்வியும் இரண்டு மகள்களும் படுக்கிற அறைக்கு அடியில்தான் வெடிப்புகள் அதிகம். காலையில் எழுந்தால் போர்வையில் சுண்ணாம்புத்தூள் இருக்கும்.

பூசணிக்காய் கட்டினார்கள். நாக்கைத் தொங்கப்போட்ட பூத முகம் மாட்டினார்கள். அமாவாசைக்கு அமாவாசை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வாசல் வழியாக வருகிற கண்ணுக்குத்தான் வாசலில் தொங்குகிற பூசணி. போன் வழியாக வருகிற கண் வாசலைப் பார்ப்பதே இல்லை. ராகேஷைக் கூப்பிட்டுக் கடையின் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தான். ஒரு மணி நேரத்தில் யாரோ ஒரு நல்லவர், இவ்வளவு நல்ல கடை இதில் இல்லையே என்று ஆதங்கப்பட்டு, தானே சேர்த்து ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டார். அட்டையைக் கிழித்தெறிந்தும் பயனில்லை. ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

தமிழ்ச்செல்விதான் பரிகாரத்தைக் கண்டுபிடித்தாள். அழகான பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைக்கிறோம், இதற்கு ஒரு மை வைக்க வேண்டாமா என்றாள். அவள் தம்பி உடனே ஒற்றை நட்சத்திரம் போட்டு ‘மட்டமான கடை, யாரும் போகாதீர்கள்’ என்று எழுதினான். வெடிப்பு அசையவில்லை. எழுதிவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தவனின் வசவு எப்படிப் பலிக்கும். ராகேஷ் ஆள் வைத்து எழுதிய முப்பது வசவும் அப்படியே போயின. நிஜமாக வயிறு எரிந்து ஒருவர் எழுத வேண்டும். அப்படி ஒருவர் உண்டா என்று பாண்டிராஜ் மூன்று நாள் யோசித்தான். பதினேழு வருடத்தில் அவன் வேலையால் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. நான்காம் நாள் கீழக்குயில்குடியிலிருந்து ராமக்காள் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். சமணர் மலைக்கு மேற்கே அவளுக்கு இரண்டு ஏக்கர் நிலம், அதில் கத்தரி பூத்து நின்றது. அவள் கோபம் எட்டு ஊருக்குத் தெரியும். பங்காளி ஒருவன் வரப்பை அரையடி வெட்டியதற்கு இருபது வருடமாக அவன் வீட்டுத் துக்கத்துக்குக்கூடப் போகாதவள்.

அன்று பாண்டிராஜ் காயில் கட்டும்போது எண்ணவில்லை. கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் காப்புக் காகிதத்தை ஒரு பக்கத்தில் வைக்காமல் விட்டான். அது மறதி இல்லை. காகிதத்தை வெட்டி எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, பிறகு மேஜையில் வைத்தான்.

பதினோராம் நாள் மோட்டார் எரிந்தது. சித்திரை வெயில். ராமக்காள் போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தாள். “ஸ்டார்ட்டரை நீங்க சரியாப் போட்டிருக்க மாட்டீங்கக்கா. ஒங்க பக்கம் வோல்டேஜும் சரியில்ல” என்று அவன் சொன்னான். சொல்லும்போது அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டாரைப் பதினேழு நாள் கடையில் போட்டுவைத்தான். கத்தரி நின்ற நிலையில் சருகானது. அந்த விளைச்சலை நம்பி மகள் முத்துமீனாவை நர்சிங்கில் சேர்ப்பதாக இருந்தது, அந்த வருடம் சேர்க்கவில்லை. மகள் களையெடுக்கப் போனாள்.

ராமக்காளுக்கு எழுதத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்: ‘ஒரு ஸ்டாரும் போடக்கூடாதுன்னு பாத்தேன் போன் விடமாட்டேங்குது இந்தப் பாண்டிராஜ்ங்கிறவன் என் வெள்ளாமையக் கருக்கிப்புட்டான் கேட்டா என்னையே குத்தம் சொல்றான் குனிஞ்சுக்கிட்டே சொல்றான் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல இவன் குடிக்கிற தண்ணி இவனுக்குத் தொண்டையில நிக்கணும் அம்புட்டுத்தான் ஏ முத்துமீனா கோழி மொளகாயக் கெளறுது பாரு வெரட்டு.’

அவள் போனைக் கீழே வைத்த நேரத்தில் திருமங்கலத்தில் அத்தனை வெடிப்பும் மூடிக்கொண்டன. தடம்கூட இல்லை. தமிழ்ச்செல்வி சுவரைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். பாண்டிராஜ் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது.

அடுத்த மூன்று வருடம் கடை நன்றாக நடந்தது. பாராட்டு ஆயிரத்தைத் தாண்டியது, சுவர் அப்படியே இருந்தது. அவன் பழையபடி எண்ணி எண்ணித்தான் கட்டினான். ஆனால் முந்நூற்று நாற்பதைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் காகிதம் ஞாபகத்துக்கு வந்து எண்ணிக்கை தவறும், முதலிலிருந்து தொடங்குவான். ஒருநாள் கீழக்குயில்குடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைப்பான். மேலே மகள்கள் நடக்கும் சத்தம் கேட்கும். எண்ணத் தொடங்கிவிடுவான்.

போன மாசி மாதம் காலண்டருக்குப் பின்னால் ஒரு வெடிப்பு தெரிந்தது. மறுநாள் நாற்பது. அதற்கு மறுநாள் மாடிப்படி ஆடியது. பாண்டிராஜ் பஸ் ஏறி ராமக்காள் வீட்டுக்குப் போனான். அவள் அவனைப் பார்த்து, அடையாளம் தெரிய ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். “அட, மோட்டார்க்காரத் தம்பியா. வெயில்ல வந்திருக்கியே, உக்காரு” என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் அடுத்த வருடமே நர்சிங் சேர்ந்துவிட்டாளாம், இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சியாம். “ஒன்னையப் பத்தி நெனைச்சே எம்புட்டு நாளாச்சு தம்பி. அன்னிக்குப் போன்ல என்னமோ வஞ்சு விட்டேனாம், மக படிச்சுட்டுச் சிரிக்கிறா. லீவுக்கு வரும்போது அழிச்சுவிடச் சொல்றேன். கரெண்டு செஞ்ச வேலைக்கு நீ என்ன பண்ணுவ?”

பாண்டிராஜ் மோரைக் குடித்து முடித்தான். மலையில் யாரோ ஆட்டைக் கூப்பிடும் குரல் இரண்டு முறை வந்து போனது. பிறகு சொன்னான். காகிதத்தை வெட்டியதையும், மேஜையில் வைத்ததையும், ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தான் என்பதையும், தன் வீடு மூன்று வருடமாக எதன் மேல் நிற்கிறது என்பதையும் சொன்னான். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னான். ராமக்காள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, கழுவாமல், குப்பைமேட்டுக்கு வீசினாள். “எந்திரிச்சுப் போ” என்றாள்.

அவன் திரும்பி வந்தபோது சுவரில் வெடிப்புகள் மூடியிருந்தன. “அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?” என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். “உள்ளதச் சொன்னேன்” என்றான். “நல்லவேளை” என்று அவள் உலை வைக்கப் போனாள். மூன்று வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கிவைத்தோமா, இல்லை சுவருக்குப் பூச்சுப் பூசினோமா என்று அவனுக்கே தெரியவில்லை. இனி தெரியப்போவதுமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ராமக்காள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எழுந்து, அந்தக் கட்டடத்தை இடிப்பது என்று முடிவு செய்தாள். கடப்பாரை தேவையில்லை, அவனே வழி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் அவனை மன்னித்தால் போதும், கட்டடம் சரிந்துவிடும். போனை எடுத்து ஒன்றை அழித்து ஐந்து நட்சத்திரம் போட்டாள். ஐந்தும் அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் ஒன்றாகச் சுருங்கின. மறுபடி போட்டாள், மறுபடி சுருங்கின. மனதிலிருந்து வர வேண்டும் என்று புரிந்தது. அவனைப் பற்றி நல்லதாக யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று ஊரில் கேட்டு வாங்கினாள். மழை வருடத்தில் கூலி வாங்காமல் பதினோரு மோட்டார் கட்டிக்கொடுத்தான் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “அவன மன்னிக்கிற மனசக் குடு சாமி, அவன் வீடு அவன் தலையிலயே விழட்டும்” என்று அழகர்கோவிலுக்கு நடந்தே போய் வேண்டினாள். சில நாட்களில் மிக அருகில் வந்துவிடுவாள். மார்பு லேசாகும், கண் கலங்கும், பாவம் அவனும் ரெண்டு பொம்பளப் பிள்ளை பெத்தவன்தானே என்று வரும். அந்த நிமிடமே இதோ விழப்போகிறது என்று ஒரு சந்தோஷம் உள்ளேயிருந்து குதிக்கும். அதோடு எல்லாம் கெட்டுப்போகும். வெள்ளிக்கிழமைதோறும் திருமங்கலத்துக்கு வந்து எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து, அவன் எண்ணிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே முயற்சி செய்கிறாள். கடைக்கு மோட்டார் கொடுக்க வருகிறவர்கள் “இன்னிக்கு எப்படிக்கா, மனசு எறங்குச்சா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். “அட போப்பா, வெறும்பய மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது” என்பாள். பாண்டிராஜ் அவள் இருக்கும் பக்கம் தலை திருப்புவதில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட அவனுக்கு வழியில்லை. கொடுத்தால் அவள் மனசு இறங்க உதவிவிட்டதாக ஆகிவிடும்.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதற்காக மாடிக்கு மேல் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று தமிழ்ச்செல்வி சொன்னாள். இன்ஜினியர் சிவக்குமார் வந்து டேப் பிடித்து அளந்தார். தூண்களைத் தட்டிப் பார்த்தார், சுவரில் கை வைத்துப் பார்த்தார். கம்பி, சிமென்ட், ஜல்லி எல்லாம் குறித்துக்கொண்டு, பேனாவை மூடாமல், எதிர்ப்புற டீக்கடையைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்? சுகர் கிகர் உண்டா?”

“அம்பத்தெட்டு” என்றான் பாண்டிராஜ். “சுகர் இல்ல. நல்லாத்தான் நடக்குறாக.”

“அப்ப தாங்கும்” என்று சிவக்குமார் எழுதிக்கொண்டார்.