இருபத்தொரு விதிகளும் ஒரு மாற்று எண்ணும்

தொள்ளாயிரம் பேருக்கு மேல் அவன் வேலை நேர்காணலுக்குப் போகக் கற்றுக்கொடுத்திருக்கிறான். கையை எத்தனை நொடி குலுக்குவது, நாற்காலியில் எவ்வளவு சாய்வது, தொண்டை வறண்டால் எப்போது தண்ணீர் கேட்பது என்று எல்லாமே அவனுக்கு மனப்பாடம். எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது என்பதை மட்டும்தான் சொல்லித்தரவில்லை. அதையும் ஒருவன் கேட்டான்.

'முதல் ஐந்து நிமிடம்' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு போட்டிருந்தான். அதில் இருபத்தொரு விதிகள். பயிற்சி நிலையத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'இருபத்தொண்ணு'. "இருபத்தொண்ணு வர்றாருடா, நிமிர்ந்து உட்காரு" என்று பிள்ளைகள் கிசுகிசுப்பது காதில் விழும். கோபம் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வான். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்போது வேலை அவனுக்கே தேவைப்பட்டது. மனைவி இறந்த மூன்றாவது வாரம் நிலையத்தை விட்டவன், ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தான். இடைப்பட்ட நாளில் என்ன செய்தான் என்றால், மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தான். கூரையில் குறை ஒன்றும் இல்லை.

மனைவி இறந்த அன்று வந்த அக்கா இன்னும் திரும்பிப் போகவில்லை. பதினைந்து நாள் என்று ஒரே ஒரு பையோடு வந்தவள். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் அத்தான் தானே சமைத்து, தானே தீய்த்து, தானே தின்றுகொண்டிருந்தார். முதல் ஆறு மாதம் பொறுமையாகப் பேசினார். அடுத்த ஆறு மாதம் பேச்சைக் குறைத்தார். அப்புறம் போனை எடுத்து "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். போன வாரம் எடுக்கவே இல்லை.

அக்கா இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "இவனுக்கு வேலை கிடைக்கட்டும், மறுநாளே பஸ் ஏறுறேன். அதுவரைக்கும் யாரும் என்கிட்ட இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது." ஒன்றைச் சொல்லிவிட்டால் இறங்கிவருகிற ஆள் இல்லை அவள். ஆக, அவனுக்கு வேலை கிடைப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது அக்காவின் குடும்பம்.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஆள் எடுக்கும் பிரிவுக்கு உதவியாளர் கேட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு நேர்காணல்.

காலையில் அக்கா வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அந்தச் சட்டைக்கு எத்தனை வாட்டிடா இஸ்திரி போடுவ?"

"மூணு. கையேட்டுல இருக்கு."

"எழுதினது நீதானே. ரெண்டுன்னு மாத்திக்கோ. எங்க, ஒரு தரம் சிரி, பாக்கலாம்."

சிரித்தான்.

"வேணாம், மூடிக்கோ. பல் வலியோட வந்திருக்கான்னு நெனைச்சுக்குவாங்க."

கட்டடத்துக்குள் நுழையுமுன் போனை அணைக்கவும் என்பது ஒன்பதாம் விதி. அவன் எட்டரைக்கு, வீட்டிலேயே அணைத்தான். விதி எழுதினவன் ஒரு படி மேலே போக வேண்டாமா?

தொழிற்சாலையை அடைந்தபோது ஒன்பதே முக்கால். பதினைந்து நிமிடத்துக்கு மேல் முன்னதாகப் போகாதே, அவசரக்காரன் என்று நினைப்பார்கள் என்பது நான்காம் விதி. எதிர்க்கடையோரம் பத்து நிமிடம் நின்றான். கடைக்காரர் மூன்று முறை என்ன வேண்டும் என்று கேட்டதும், நேரே வரவேற்பு மேசைக்குப் போய்விட்டான்.

மேசையில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "இன்டர்வியூவா? இங்க இல்லைங்களே. மேல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு பின்னாடி கிடங்குக்கு மாத்திட்டாங்க. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சே. உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு. மறந்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. அழைப்பு வராதவன் என்பதைவிட ஞாபகமறதிக்காரன் என்பது எந்த விதத்தில் உயர்த்தி?

"ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போங்க. உள்ள லாரி திரும்புது, விட மாட்டாங்க. வேகமா நடந்தா இருபது நிமிஷம்."

வேகமாக நடந்தான். மூன்று இஸ்திரியும் முதல் ஐந்து நிமிடத்திலேயே முதுகோடு ஒட்டிக்கொண்டன. நடந்துகொண்டே போனை உயிர்ப்பித்தான். எடுக்காத அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. தொழிற்சாலையின் எண்ணிலிருந்து நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக வந்தது, 'வீடு'.

கால் நின்றுவிட்டது. 'வீடு' என்று அவன் பதிந்துவைத்திருந்தது மனைவியின் எண்ணை. அந்தப் போன் அலமாரி இழுப்பறையில் இருந்தது. ஞாயிறுதோறும் மின்னேற்றி வைப்பான், இணைப்பு அறுந்துபோகாமல் மாதாமாதம் புதுப்பிப்பான். ஏன் என்று கேட்டால் சொல்ல நல்ல பதிலாக ஒன்று தயாரித்தும் வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. அக்கா அந்த இழுப்பறையைத் தூசிகூடத் தட்டுவதில்லை.

ஒரு லாரிக்காரர் அவனையும் அவனுடைய முன்னோரையும் சேர்த்து விசாரித்த பிறகுதான், நடுச்சாலையில் நிற்பது தெரிந்தது. ஓரமாக ஒதுங்கி அந்த எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"திட்டாத. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒன்றரை வருஷம் சும்மா கிடந்தது அடிச்சா எனக்கு எப்படி இருக்கும்? எடுத்துட்டேன்."

"யாரு?"

"உன் கம்பெனி அம்மாதான். உன் நம்பர் கிடைக்கல, பேப்பர்ல ரெண்டாவதா இந்த நம்பர் போட்டிருக்குன்னாங்க. இடத்தை மாத்திட்டாங்களாம். உனக்குச் சொல்லத்தான் உடனே போட்டேன், நீ அணைச்சு வெச்சிருக்க."

"வேற என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் பேசிக்கிட்டு இருந்தோம்."

"எவ்வளவு நேரம்?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "இருபத்துமூணு நிமிஷம்னு காட்டுது."

முதல் விதியே, தொடர்பு எண்களை இரண்டு முறை சரிபார் என்பதுதான். சரிபார்த்திருந்தான். பழைய விண்ணப்பத்தில் தேதிகளை மட்டும் மாற்றி, மாற்று எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து இரண்டு முறை படித்தான். தன் எண்ணைவிட அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

கிடங்கு வரைக்கும் அந்த இருபத்துமூன்று நிமிடம்தான் தலைக்குள் ஓடியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மூன்று நிமிடத்தில் குடும்பக் கதை முழுவதையும் ஒப்பிக்கிறவள் அக்கா. இருபத்துமூன்று நிமிடத்தில் அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, கூரை வரைக்கும் வந்திருப்பாள்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. கடகடவென்று ஒரு மின்விசிறி. அதன் எதிரே, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த மேனேஜர் அம்மாவும், சட்டைப்பையில் மை கசிந்த சூப்பர்வைசரும் இருந்தார்கள். அவன் வணங்கினான், சொன்ன பிறகு உட்கார்ந்தான், நான்கு விரல் அளவு சாய்ந்தான். மின்விசிறி அவனுடைய கோப்பிலிருந்த தாள்களைக் கிளப்பிவிட்டது. குனிந்து பொறுக்குவதற்கு விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார் மேனேஜர் அம்மா.

ஆரம்பித்தான். இரண்டாவது வாக்கியத்திலேயே சூப்பர்வைசரின் உதடுகளும் கூடவே அசைவதைக் கவனித்தான். முதலில் ஏதோ மெல்லுகிறார் என்று நினைத்தான்.

"உங்க பலவீனம் என்ன?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"என்கிட்ட ஒரு சின்னக் குறை இருக்குங்க. வேலையில..."

"வேலையில மூழ்கிட்டா நேரம் போறதே தெரியாது," என்று அவரே முடித்தார். "காலையிலேர்ந்து நீங்க நாலாவது ஆளு. எல்லாருக்கும் ஒரே குறை. ஊர்ல ஒருத்தனும் தூங்குறதில்லை போல."

மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்துப் போட்டார். நகலின் நகலாக எடுத்ததில் எழுத்தெல்லாம் வெளிறிப்போன எட்டுப் பக்கம். எழுதியவன் பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை மட்டும் விழுந்திருந்தது.

"ஒருத்தன் நாற்காலியில விட்டுட்டுப் போயிட்டான். கிளிப்பிள்ளை மாதிரி இதைத்தான் ஒப்பிக்கிறாங்க. போன மாசம் அச்சு மெஷினுக்கு ஒருத்தனை எடுத்தோம். உட்கார்ந்த விதம் என்ன, கை குலுக்கின விதம் என்ன. மெஷினைப் பாத்ததும் வேர்த்துக் கொட்டுது. இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

மேனேஜர் அம்மா அவனையே பார்த்தார். போச்சு, என்று நினைத்தான். அக்கா கையேட்டையும் விட்டுவைத்திருக்க மாட்டாள். என் தம்பி புத்தகமே போட்டிருக்கான் என்று பெருமையடித்திருப்பாள். தெரிந்தே சோதிக்கிறார்கள்.

"நான்தாங்க அது," என்றான்.

சூப்பர்வைசரின் கை கையேட்டின் மேல் அப்படியே நின்றது.

"எழுதினது நான்தான். இருபத்தொண்ணுல ஏழெட்டு, பக்கம் நிரம்பணும்னு எழுதினது."

மேனேஜர் அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"ஒன்றரை வருஷம் இடைவெளி இருக்கு. ஆன்லைன்ல படிச்சேன்னு போட்டிருக்கீங்க."

அதற்கும் அருமையான பதில் இருந்தது, மூன்று படிப்புகளின் பெயர்களோடு. ஆனால் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர் முன்னால் அதை அவிழ்த்துவிட வெட்கமாக இருந்தது.

"படிக்கலீங்க. ஒரு படிப்புல சேர்ந்தேன். முதல் பாடத்தைத் திறந்துட்டு மூடிட்டேன். படுத்துக் கிடந்தேன். என் மனைவி இறந்துட்டாங்க. மூணாவது வாரம் கிளாஸுக்குப் போனேன். அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்கன்னு ஒரு கேள்வி உண்டு, அதுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு செஞ்சு காட்டச் சொன்னாங்க. நூறு தடவை செஞ்சு காட்டினதுதான். அன்னைக்கு வாய் வரல. பத்து நிமிஷம் பலகை முன்னாடி நின்னேன். பிள்ளைங்க முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் அதுவும் இல்ல. பையை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அவ்வளவுதான். வேற எங்கயும் வேலை பாக்கல. எங்க அக்காதான் சோறு போட்டுச்சு."

இவ்வளவு நீளமாக அவன் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. கைகளை எங்கே வைத்திருந்தான் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அக்கா சொல்லியிருக்கும்."

மேனேஜர் அம்மா தலையை அசைத்தார். "இதெல்லாம் ஒண்ணும் சொல்லலையே."

"இருபத்துமூணு நிமிஷம் பேசினீங்களாமே."

"ஆமா. இது யாரு நம்பர்னு கேட்டேன். என் தம்பி பொண்டாட்டியோடது, அவ இப்ப இல்லைன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. குரலை வெச்சு, நீங்க சரியா தூங்கலையாம்மான்னு அவங்கதான் கேட்டாங்க. என் கைக்குழந்தைக்கு எட்டு மாசம், என்னைத் தூங்க விடுறதில்ல. அதைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட வரல."

அவனுக்கு முழி பிதுங்கியது. யாரும் கேட்காமல், யாரும் தூண்டாமல், தன் வாயாலேயே தன் வண்டவாளம் அனைத்தையும் மேசையில் கொட்டியாயிற்று. நேர்மையாக இரு என்று இருபத்தொன்றில் ஒரு விதியும் சொல்லவில்லை. அதில் அவன் கவனமாகவே இருந்திருந்தான்.

தாள்களை அடுக்க ஆரம்பித்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர். கையேட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "இதைப் படிச்சிட்டு ஒருத்தன் உங்க முன்னாடி வந்து உட்கார்ந்தா, எத்தனை நிமிஷத்துல கண்டுபிடிப்பீங்க?"

"உள்ள வர்றப்பவே தெரிஞ்சுடும். கதவை ரெண்டு கையால சாத்துவாங்க. ஏழாம் விதி."

"அப்புறம் அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இதுல இல்லாததாக் கேக்கணும். கடைசியா எந்த மெஷினைக் கெடுத்தன்னு கேப்பேன். வேலை செஞ்சவன் உடனே சொல்லிடுவான்."

சூப்பர்வைசர் மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். "இந்த நோயைக் கிளப்பினதே இவருதான். இவரே உட்கார்ந்து பாக்கட்டும்மா."

"மூணு மாசம் தற்காலிகமா பாருங்க," என்றார் மேனேஜர் அம்மா. "அப்புறம் முடிவு பண்ணலாம். திங்கட்கிழமை வந்துடுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து மீதியையும் நறுக்கினாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு அத்தானுக்குப் போன் செய்தாள். ஐந்தாவது மணிக்கு எடுத்தார்.

"இவனுக்கு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கு வர்றேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. "எந்த மாதிரி வேலை?" என்றார் அத்தான்.

"மூணு மாசம் பாப்பாங்களாம். அப்புறம் நிரந்தரம்."

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அவன் காலையில எந்திரிச்சுப் போவானா? நீ இல்லாம அவன் திரும்பப் படுத்துட்டா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இத்தனை நாள் இருந்தாச்சு. மூணு மாசம் இருந்து பாத்துட்டே வாயேன். நான் என்ன செத்தா போறேன்."

ஒன்றரை வருடக் கோபக்காரர் இப்படி ஒரு நேரம் பார்த்து நல்லவராவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், அவள் இருந்துவிடுவாள். காலையில் அறைக்கதவைத் தட்டுவாள், சட்டையைக் கிண்டலடிப்பாள். சத்தமில்லாத வீட்டை இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போடலாம். அதுதான் அவனுக்கு வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். "அத்தான், நாளைக்கு வந்துடுவா. நான் பஸ் ஏத்திவிடுறேன்."

"சரிப்பா," என்றார் அத்தான். குரல் கொஞ்சம் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டு வைத்துவிட்டார்.

அக்கா போனை மேசையில் வைத்தாள். "சமாளிப்பியாடா? உண்மையைச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்து, புன்னகையோடு, மூன்று நொடிக்குள் சொல்லும்படியாக அவனிடம் நல்ல பதில்கள் இரண்டு இருந்தன.

"தெரியலக்கா," என்றான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.